வாடாத தழை

எங்கள் அமைப்பின் முழுப்பெயர் கொல்லிமலைக் காளான் நோக்கர் பேரவை. பேரவை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் பதினேழு பேர். அதில் ஐந்து பேர் தலைவர் தரணிதரனின் சொந்தக்காரர்கள். இரண்டு பேர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறத் தெரியாததால் உறுப்பினர்களாக நீடிப்பவர்கள்.

தரணிதரனுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. முட்டையில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஐம்பத்தைந்து வயதில் காளானுக்கு வந்தார். வந்த ஆறாவது மாதம் 'மைக்காலஜிஸ்ட்', அதாவது காளான் விஞ்ஞானி, என்று விசிட்டிங் கார்டு அடித்தார். அடித்துக் கொடுத்தவன் நான். ராசிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கார்டில் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்த ஒரே காரணத்துக்காக என்னைப் பேரவையின் தொழில்நுட்பச் செயலாளர் ஆக்கிவிட்டார்.

தொழில்நுட்பச் செயலாளரின் முதல் சாதனை அந்தக் கொடிகள். மலைப்பாதையில் நடந்துபோகும்போது கண்ணில் படும் ஒவ்வொரு காளானுக்கும் பக்கத்தில் ஒரு கொடி நட வேண்டும். அதில் எண், கண்டவர் பெயர், பேரவையின் சின்னம். இயற்கையோடு ஒத்துப்போக வேண்டும் என்று தலைவர் சொன்னதால் இலைப்பச்சை நிறத்தில் அடித்தேன். சின்னம் பார்ப்பதற்குக் குடை மாதிரி வந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். மழையில் நனைந்தால் என்ன ஆவது என்று இருபுறமும் இருநூற்றைம்பது மைக்ரானில் லேமினேஷன் போட்டு, மூங்கில் குச்சியில் ஒட்டி, நூறு கொடிகளை இலவசமாகவே செய்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக வேறு எதையும் செய்ததில்லை.

ஐப்பசி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை வேனில் புறப்பட்டோம். எழுபது வளைவுகளில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். நாற்பத்திரண்டாவது வளைவில் வேனை நிறுத்தச் சொல்லித் தலைவர் ஓர் உரை ஆற்றினார். மற்றவர்கள் வாய் கொப்பளிக்க அந்த நேரம் சரியாக இருந்தது. செம்மேட்டில் டீ குடித்துவிட்டு ஆலத்தூர் நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே எங்களுக்கு வழிகாட்டி செங்கோடன். நாற்பது வயதிருக்கும். மரவள்ளியும் மிளகும் வைத்திருக்கிறார். சாப்பாடு அவருடைய அக்கா பாவாயி வீட்டில். நாங்கள் போனபோது பாவாயி அடுப்படியில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்த மாதிரி போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் அவருடைய கணவர் அர்த்தனாரி படுத்திருந்தார். ஆள் இருக்கிறாரா, போர்வை மட்டும்தானா என்று சந்தேகம் வரும்படி இருந்தது.

செங்கோடன் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்:

"மாமனுக்குத் தொண்டையில கட்டிங்க. சேலத்துல காட்டியாச்சு. இனி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க. தண்ணியாட்டம் இருந்தாத்தான் எறங்குது. அதையும் வேண்டாங்குறாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறாருங்க. புத்துக் காளான் சாறு."

"அதுக்கென்ன, இங்கே கிடைக்காததா?"

"வருசத்துக்கு ரெண்டு நாளோ மூணு நாளோதானுங்க கெடைக்கும். முந்தாநேத்து இடி இடிச்சுது பாருங்க, இன்னிக்கு மொட்டு வந்திருக்கும், நாளைக்கு விரியும், நாளன்னிக்குப் புழு வெச்சு உருகிரும். சந்தைக்கெல்லாம் வராது. இடிச் சத்தம் கேட்டதுல இருந்து வாசலையே பாத்துட்டு இருக்காரு. அடுத்த வருசம்னு ஒண்ணு மாமனுக்கு இல்லீங்களே."

இதற்குள் தலைவர் கட்டிலருகே போய் அர்த்தனாரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டால் தரணிதரனுக்குக் குரல் தானாகவே ஒரு படி இறங்கும்.

"பாசிட்டிவா இருங்க பெரியவரே. காளான்ல பீட்டா குளுக்கான்னு ஒண்ணு இருக்குது. ஜப்பான்ல இதுக்குன்னே ஆராய்ச்சி பண்றாங்க. உங்க நோய்க்கு அதை மாதிரி ஒரு மருந்து உலகத்துலயே கிடையாது."

ஐந்து நிமிடம் பேசினார். தண்ணீரைக்கூட விழுங்க முடியாத மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தலைவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது காற்றுப் போல ஒரு குரல் வந்தது.

"அப்பக் கொண்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். தலைவர்தான் அதிகம் சிரித்தார். "பாருங்க, என்ன ஒரு ஹியூமர் சென்ஸ்!" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அர்த்தனாரி சிரிக்கவில்லை. எங்கள் கையிலிருந்த பச்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடை தொடங்கியது. நாங்கள் பத்தடி தூரத்தில் புதருக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது, "சார், காலைக் கொஞ்சம் எடுங்க" என்பார் செங்கோடன். செருப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, மண்ணைப் பிளந்துகொண்டு, குழந்தை முட்டியை மடக்கிய மாதிரி ஒரு மொட்டு நிற்கும். அந்தக் கண் எங்கள் பதினேழு பேருக்கும் சேர்த்துக்கூடக் கிடையாது. இருபத்துமூன்றாவது எண்ணைத் தலைவர் தாமாகவே கண்டுபிடித்தார். ஒரு பாறை இடுக்கில் மஞ்சளாக, துளை துளையாக ஏதோ இருந்தது. மண்டியிட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்து, இந்த மலையில் இதுவரை பதிவாகாத அடுக்குக் காளான் என்றார். செங்கோடன் என் காதருகே, "அது பழைய மெத்தைப் பஞ்சுங்க. போன பொங்கலுக்கு யாரோ வீசினது" என்றார். கொடி நட்டாகிவிட்டது. பிடுங்கினால் வரிசை எண் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

"எல்லாத்துக்குமே வெப்பீங்களா?" என்று செங்கோடன் ஒருமுறை கேட்டார்.

"ஒண்ணு விடக்கூடாது" என்றார் தலைவர். "கணக்கெடுப்புன்னா கணக்கெடுப்பு."

செங்கோடன் தலையை ஆட்டினார். வேலை என்று ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். ஊரைச் சுற்றியிருந்த சரிவு முழுவதையும், ஒரு புற்று பாக்கி இல்லாமல், எங்களுக்குக் காட்டிவிட்டார்.

வழியில் ஒரு பெண் எதிரே வந்தாள். ருக்குமணி என்று பெயர், பக்கத்து வீட்டுக்காரி. கையில் ஒரு பிடி பச்சைத் தழை வைத்திருந்தாள். ஒரு புற்றை நோக்கி நடந்தவள், அங்கே எங்கள் கொடி நிற்பதைப் பார்த்ததும் நின்றாள். கொடியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். தழையைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். தலைவர் அதைப் படம் எடுத்து, 'மலைவாழ் மக்கள் ஒத்துழைப்பு' என்று உடனே குழுவில் போட்டார். பதினொரு பேர் கைகூப்பினார்கள்.

முப்பத்தேழாவது கொடியை நட்டவன் நான். பாவாயி வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரங்களைத் தாண்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று. அதைச் சுற்றி முப்பது நாற்பது மொட்டு. செங்கோடன் அங்கே கொஞ்சம் தயங்கினார்.

"இது வருசா வருசம் மாமன் எடுக்கற புத்துங்க."

"அப்படியா! அப்ப அவர் பேரையும் அறிக்கையில நன்றியில போட்டுருவோம்" என்றார் தலைவர்.

செங்கோடன் என்னைப் பார்த்தார். ஏதோ நல்ல செய்தி கேட்ட மாதிரி முகம் தெளிந்தது. "சரிங்க. நீங்களே வெச்சிருங்க" என்றார். நான் கொடியில் என் பெயரை எழுதி நட்டேன். அன்று மொத்தம் அறுபத்துநான்கு கொடிகள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் விரிந்துவிட்டன. நானே அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெள்ளைக் குடைகள், நடுவில் சாம்பல் பூசிய முனை, மழை நின்ற மண்ணின் வாசனையோடு லேசாகக் கோழிக்கறி வாசனை. தலைவர் இந்த ஒப்புமையை ஆட்சேபித்தார். தொழில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கு கோணத்தில் படம் எடுத்தோம். இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம்.

பாவாயி வாசலிலேயே நின்றிருந்தார். அம்மியில் மிளகும் சீரகமும் அரைத்து வழித்து வைத்திருந்தது. ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தது. அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கான சோறு, புளிச்சாறு, கிழங்கு எல்லாம் தனியாகத் தயாராக இருக்கும்போது இது எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அவர் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். பைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க, வெறுங்கையோடங்களா வந்தீங்க?"

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமாம்மா, வெறுங்கைதான்! ஒரு காளானைக்கூட விரலால தொடலை. அதான் எங்க பேரவையோட கொள்கை."

"அப்ப எப்பங்க எடுப்பீங்க?"

"எடுக்கவே மாட்டோம்!"

பாவாயிக்கு அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கேட்கவும் இல்லை. உள்ளே போய்ச் சட்டியை இறக்கி வைத்தார். கட்டிலிலிருந்து அர்த்தனாரி தலையைத் திருப்பிப் பார்த்தார். பாவாயி அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையை விரித்துக் காட்டினார். பிறகு எங்களுக்கு இலை போட்டார்.

வேன் கிளம்பும் நேரத்தில் செங்கோடன் தலைவரிடம் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, "நோவுக்கார ஊடுங்க, சார்..." என்று இழுத்தார். தலைவர் அவர் தோளைத் தட்டி, "தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிப் பேரவையின் தொப்பி ஒன்றைக் கொடுத்தார். செங்கோடன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பாவாயி என்னிடம் வந்தார். எல்லோரிலும் நான்தான் கேட்கத் தக்கவன் என்று நினைத்திருக்கிறார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஏனுங்க, அந்தக் கொடி எத்தனை நாளைக்கு வாடாம இருக்கும்?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டு நாளில் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள். "வாடறதா? இருநூற்றைம்பது மைக்ரான் லேமினேஷனுங்க. மழை, வெயில் எதுவும் ஏறாது. அஞ்சு வருஷத்துக்கு அப்படியே பச்சையா நிக்கும்!"

"அஞ்சு வருசங்களா" என்றார். மலைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போது செங்கோடன் போன் செய்தார்.

"சார், ஒண்ணு கேக்கோணுங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது. கொடியெல்லாம் நீங்களே வந்து புடுங்குவீங்களா, இல்ல நாங்க புடுங்கி வெக்கலாங்களா?"

"என்ன அவசரம்?"

"காளானெல்லாம் உருகிப் போச்சுங்க. இனிக் கொடி மட்டும்தான் நிக்குது. ஆடு மாடு தின்னு வெச்சிருமோன்னு."

"உங்க மாமாவுக்குச் சாறு வெச்சுக் கொடுத்தீங்களா?"



"எதுலங்க வெக்கறது?"

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். மொட்டை முதலில் பார்ப்பவர் ஒரு பிடி பச்சைத் தழையை ஒடித்துப் பக்கத்தில் வைத்துவிடுவார். வைத்தால் அது அவருடையது; பிறகு வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். வைத்தவர் வராமலேயே தழை வாடிவிட்டால், அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று அர்த்தம். அப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"அது தழைங்க, செங்கோடன். இது பிளாஸ்டிக்!"

"பச்சையாத்தானுங்களே இருந்துச்சு. பேரு வேற எழுதியிருந்தீங்க. நாங்க பேரெல்லாம் எழுத மாட்டமுங்க. பேரு எழுதி வெச்சதை எப்படிங்க எடுக்கறது?"

"கேட்டிருக்கலாமே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"அது கேட்டு வாங்கறது இல்லீங்க, சார்." அவர் குரலில் முதல்முறையாக ஒரு கறார் தெரிந்தது. "நோவுக்கார ஊடு இருந்தா, தழை போட்டவங்களே மொதக் காளானைக் கொண்டாந்து வாசல்ல வெச்சிருவாங்க. கேக்க உடமாட்டாங்க. நீங்க எல்லாரும் மாமனைப் பாத்துட்டுத்தானுங்களே மேல போனீங்க? தலைவர் கையைப் புடிச்சுப் பேசினாரு. அதான் மாமன் புத்துக்கு நீங்க கொடி வெக்கறப்பக்கூட நான் ஒண்ணும் சொல்லலைங்க. எப்படியும் நீங்களே கொண்டாந்து குடுப்பீங்கன்னு அக்கா அடுப்பைப் பத்த வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. குடுக்கல. செரி, வாடட்டும்னு பாத்தோம். அக்கா உங்ககிட்ட வந்து கேட்டுச்சாமா. அஞ்சு வருசம்னு சொன்னீங்களாம்."

"ருக்குமணி ஊட்லயும் எடுக்கல. ஊர்ல ஒருத்தரும் எடுக்கலைங்க" என்று சேர்த்துக்கொண்டார், எங்களுக்கு ஏதோ சான்றிதழ் கொடுப்பது போல.

கடையைச் சாத்தினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க் கடையில் மொட்டுக் காளான் பாக்கெட் தொங்கியது. இரண்டு வாங்கிக்கொண்டேன். அறிவு கெட்ட வேலை என்று வாங்கும்போதே தெரியும். வெறுங்கையோடு அந்த வாசலில் இன்னொரு முறை போய் நிற்க முடியாது என்பதும் தெரிந்தது.

முதலில் முப்பத்தேழாம் எண்ணுக்குப் போனேன். புற்றைச் சுற்றிக் கறுப்பாக, மை கொட்டிய மாதிரி, கொழகொழவென்று கிடந்தது. அதன் மேல் சின்னப் புழுக்கள் நெளிந்தன. நடுவில் என் பெயர் போட்ட கொடி, ஒரு துளி மழைகூட உள்ளே ஏறாமல், அடித்த அன்றிருந்ததைவிடப் பளிச்சென்று நின்றது. லேமினேஷனில் ஒரு குறை சொல்ல முடியாது.

பாவாயி பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டார். "எதுக்குங்க இவ்வளவு தூரம்" என்றார். அரைத்து வைத்த மிளகு இரண்டு நாளில் காய்ந்துபோயிருந்தது, புதிதாக அரைத்தார். அர்த்தனாரி கட்டிலில் திரும்பிப் படுத்து, பாக்கெட் மேல் இழுத்து ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கும் பிளாஸ்டிக்குத்தானா?" என்றது அந்தக் காற்றுக் குரல்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சாற்றை வடிகட்டி, ஆற வைத்து, ஒரு கரண்டி ஊற்றினார் பாவாயி. அது இறங்குவதற்கு வெகு நேரம் ஆனது. பாவாயி, செங்கோடன், நான் மூன்று பேரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடுவது போல நாக்கை வாய்க்குள் சுழற்றினார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த விருந்தாளி.

"காளானாட்டமே இருக்குதுங்க" என்றார்.

இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. பாவாயி வற்புறுத்தவில்லை. வாயைத் துடைத்துவிட்டு, மீதியை எனக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். மிளகுத் தண்ணீர். நான்கு ஊர் தாண்டி ஏதோ ஷெட்டில் வளர்ந்த அந்த உருண்டைகளுக்குச் சுவை என்று ஒன்றும் கிடையாது.

எட்டாம் நாள் அர்த்தனாரி இறந்துபோனார். அதற்குள் மறுபடி இடி இடிக்கவில்லை.

மார்கழியில் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பேரவையின் ஆண்டு விழா நடந்தது. தலைவர் திரையில் படம் காட்டினார். தழையோடு திரும்பிப் போகும் ருக்குமணி ஆளுயரத்துக்குத் தெரிந்தாள். "கொடி நடப்பட்ட இடங்கள் அறுபத்துநான்கு. உள்ளூர் மக்களால் பறிக்கப்பட்டவை பூஜ்யம்! இது நாம் ஏற்படுத்திய விழிப்புணர்வு" என்றார். கைதட்டினார்கள். இருபத்துமூன்றாம் எண் இன்னும் ஆய்வில் இருப்பதாகச் சொன்னார்.

நான் எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தழை, வாடுவது, நோவுக்கார வீடு, கொதித்துக்கொண்டிருந்த சட்டி, அஞ்சு வருஷம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தரணிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மனிதர் உண்மையிலேயே உருகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லி வருகிறேன். பாரம்பரியக் காளான் பாதுகாப்பு! நம் கொடியை அந்த எளிய மக்கள் தங்கள் தழையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதைவிட நமக்கு என்ன அங்கீகாரம் வேண்டும்? அடுத்த ஐப்பசிக்கு முந்நூறு கொடி. மலை முழுக்க!"

முன்பைவிட அதிகமாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை கடைக்கே வந்துவிட்டார். முந்நூறு கொடிகள், அதே இலைப்பச்சை. கூடவே பாவாயி பெயருக்கு 'காளான் காவலர்' என்று ஒரு பாராட்டுப் பத்திரம். கொடிகளை வெறும் காகிதத்தில்தான் அடித்துத் தருவேன் என்றேன்.

"காகிதமா? ஒரு ராத்திரி மழைக்குத் தாங்குமாய்யா?"

"தாங்காதுங்க. அதுக்குத்தான்."

என்னை வினோதமாகப் பார்த்தார். போகப் போக எனக்கு வயதாகிறது என்று குழுவில் யாரிடமோ சொன்னாராம். இப்போது தொழில்நுட்பச் செயலாளர் வேறொருவர். அடுத்த தெருவில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது, வேலை அங்கே போய்விட்டது. போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். கொடிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடக் கெட்டி.

"முந்நூத்தம்பது மைக்ரானுங்க" என்றான் கடைக்காரன். "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை."